கடல் உயிரிகளில் வைரஸ் மருந்து தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்பஞ்சிலும் கடற்பாசியிலும் வைரஸுக்கு மருந்து கிடைத்துவிட்டதாகச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு மாணவர்களும் மற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை, விஷயம் அப்படி.

கடலில் போய் ஏன் தேட வேண்டும்? நிலத்துச் செடிகள் போதாதா?

நிலத்துச் செடிகளையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களையும் மனிதன் நெடுங்காலமாகத் துருவிப் பார்த்துவிட்டான். கடலில் அந்த வேலை தீவிரமாகத் தொடங்கி எழுபத்தைந்து ஆண்டுகள்தான் ஆகின்றன. கடற்பஞ்சு, பவளம், பாறையில் ஒட்டி வாழும் டூனிகேட் போன்றவற்றால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது, பலவற்றுக்கு ஓடு கூடக் கிடையாது. தின்ன வருகிற மீனையும், மேலே படர வருகிற பக்கத்து உயிரியையும் அவை பெரும்பாலும் வேதிப்பொருள்களால்தான் தடுக்கின்றன. அதனால் நிலத்தில் பார்க்காத அமைப்புள்ள மூலக்கூறுகள் அங்கே கிடைக்கின்றன. இதுவரை 30,000-க்கும் மேற்பட்ட சேர்மங்களைக் கடல் உயிரிகளிலிருந்து பிரித்து விவரித்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் கோடிக்கணக்கில் வைரஸ்கள் இருக்கும், அதனால் கடல் உயிரிகளிடம் வைரஸ் மருந்து இருந்தே தீரும் என்று ஒரு வாதத்தை அடிக்கடி கேட்கலாம். முதல் பாதி ஏறக்குறைய சரிதான், பல இடங்களில் மில்லிலிட்டருக்கு ஒரு கோடி வரை கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள். எந்தக் கடற்பஞ்சும் மனிதனின் ஹெர்பெஸையோ எச்.ஐ.வி.யையோ எதிர்க்கப் பரிணமித்ததில்லை. மீனை விரட்ட உருவான ஒரு மூலக்கூறு நம் செல்லில் வைரஸின் வேலையையும் கெடுக்கிறது என்றால் அது தற்செயல் பொருத்தம். அந்தப் பொருத்தத்தைத்தான் தேடுகிறோம்.

கடலிலிருந்து உண்மையிலேயே ஒரு வைரஸ் மருந்து வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. அதன் பெயர் விடராபின்.

1945-இல் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் ஃபுளோரிடா கடற்கரையை ஒட்டிய எலியட் கீ பகுதியில் ஒரு கடற்பஞ்சைச் சேகரித்தார். இன்று அதற்கு டெக்டிடெத்தியா கிரிப்டா என்று பெயர். சூடான அசிட்டோனில் அதை ஊறவைத்தபோது அழகான படிகங்கள் பிரிந்து வந்தன, வழக்கமாக அப்படி எளிதில் வருவதில்லை. 1950-களின் தொடக்கத்தில் அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் அந்தப் படிகங்களில் இருந்தவை நியூக்ளியோசைடுகள் என்று கண்டறிந்தார்கள், ஸ்பாஞ்ஜோதைமிடின், ஸ்பாஞ்ஜோயூரிடின் என்று பெயரிட்டார்கள். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டையும் கட்டும் அலகுகள் மாதிரியே இருந்தன, ஒரே ஒரு வித்தியாசம்: வழக்கமான ரைபோஸ் சர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் அராபினோஸ் இருந்தது.

இதன் முக்கியத்துவம் உடனே புரிந்துவிடாது. நியூக்ளியோசைடில் இரண்டு பகுதிகள்: பேஸ் என்ற நைட்ரஜன் வளையம் ஒன்று, சர்க்கரை இன்னொன்று. அதுவரை, பேஸ் பகுதியை மாற்றினால் மருந்தாக்கலாம், சர்க்கரையைத் தொட்டால் செல் அதை ஏற்காது என்ற எண்ணம்தான் பரவலாக இருந்தது. இந்தக் கடற்பஞ்சு அதைப் பொய்யாக்கியது. உடனே வேதியியலாளர்கள் அராபினோஸ் சேர்ந்த நியூக்ளியோசைடுகளை ஆய்வகத்தில் செய்து பார்க்கத் தொடங்கினார்கள். 1959-இல் சைட்டராபின் வந்தது, அது 1969-இல் இரத்தப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்று இன்றுவரை பயன்படுகிறது. 1960-இல் விடராபினைச் செய்தார்கள், அதுவும் புற்றுநோயை நினைத்துத்தான். 1964-இல் தான் அது ஹெர்பெஸ் வைரஸைத் தடுப்பது தெரிந்தது, 1976-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 1977-இல் வெளியான ஒரு சோதனையில், ஹெர்பெஸ் மூளைக்காய்ச்சலில் சிகிச்சையில்லாமல் 70 விழுக்காடாக இருந்த இறப்பு, விடராபின் கொடுத்தபோது 28 விழுக்காடாக இறங்கியது. வைரஸ் நோய்க்கு மருந்தே கிடையாது என்று மருத்துவர்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் வந்த முடிவு அது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த எண்கள் இவை இரண்டும்தான்.

அப்படியென்றால் விடராபின் கடற்பஞ்சுக்குள் இருந்ததா?

அந்தக் கடற்பஞ்சில் கண்டது அதன் நெருங்கிய உறவுகளை. விடராபினை மனிதன் முதலில் செய்தான், இயற்கையில் அப்புறம்தான் கண்டுபிடித்தான். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா ஒன்று அதைத் தயாரிப்பது தெரியவந்தது, பிறகு 1984-இல் மத்தியதரைக் கடலின் யூனிசெல்லா கவோலினி என்ற கடல்விசிறியிலும் அதே மூலக்கூறு கிடைத்தது.

இப்போது அந்த மருந்தை யாரும் எழுதிக் கொடுப்பதில்லையே, ஏன்?

அசைக்ளோவிர் வந்துவிட்டது. விடராபினில் இரண்டு தொல்லைகள். நீரில் நன்றாகக் கரையாது, அதனால் நரம்பு வழியே ஏற்ற நிறையத் திரவம் கொடுக்க வேண்டும், மூளை வீங்கியிருக்கும் நோயாளிக்கு அது ஆபத்து. இன்னொன்று, உடலிலுள்ள அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதி அதை வேகமாக மாற்றி வலுவிழக்கச் செய்துவிடும். இதைவிடப் பெரிய விஷயம் தேர்ந்து தாக்கும் திறன். விடராபினை வேலைசெய்யும் நிலைக்குக் கொண்டுவருவது நம் செல்லின் நொதிகள், அதனால் தொற்று உள்ள செல், இல்லாத செல் இரண்டிலும் அது விழித்துக்கொள்ளும். அசைக்ளோவிரை முதலில் விழிக்கவைப்பது வைரஸின் சொந்த நொதி. வைரஸ் இல்லாத செல்லில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். 1986-இல் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனையில் அசைக்ளோவிர் தெளிவாக வென்றது.

கீழே வரும் பதில்கள் பலவற்றிலும் இந்தத் தேர்ந்து தாக்கும் திறன்தான் திரும்பத் திரும்ப வரும். வைரஸைத் தடுக்கும் பொருள்கள் கடலில் ஏராளம். நம் செல்லை விட்டுவைத்து வைரஸை மட்டும் தடுப்பவை மிகச் சில.

எய்ட்ஸ் மருந்தான ஏ.இசட்.டி., கொரோனாவுக்குக் கொடுத்த ரெம்டெசிவிர் எல்லாம் கடற்பஞ்சிலிருந்து வந்தவை என்கிறார்களே?

வரவில்லை. ஏ.இசட்.டி. 1964-இல் ஆய்வகத்தில் செய்யப்பட்டது, ரெம்டெசிவிரும் அப்படியே. நியூக்ளியோசைடின் சர்க்கரைப் பகுதியை மாற்றிப் பார்க்கலாம் என்ற துணிச்சலைக் கொடுத்ததில் கடற்பஞ்சுக்குப் பங்கு உண்டு, அதற்கு மேல் சொன்னால் மிகை.

இந்தத் தேடல் நடைமுறையில் எப்படி நடக்கும்?

முதலில் சேகரிப்பு. முக்குளித்தோ, இழுவலையிலோ, ஆழ்கடலென்றால் இயந்திரக் கையாலோ மாதிரி எடுப்பார்கள். எங்கே, எந்த ஆழத்தில், எந்தத் தேதியில் எடுத்தது என்பதோடு ஒரு துண்டை வகைப்பாட்டு நிபுணருக்காகத் தனியே பாதுகாத்து வைக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாமல், பின்னால் எந்த இனத்திலிருந்து சேர்மம் வந்தது என்றே உறுதியாகச் சொல்ல முடியாமல் போன ஆராய்ச்சிகள் உண்டு. கடற்பஞ்சுகளைப் பார்வையால் அடையாளம் காண்பது கடினம், நிறமும் வடிவமும் இடத்துக்கு இடம் மாறும்.

அடுத்து மெத்தனால் போன்ற கரைப்பானில் ஊறவைத்துச் சாறு எடுப்பது. கடல் மாதிரியில் உப்பு ஏராளமாக இருக்கும், அதை நீக்காமல் செல்களின் மேல் ஊற்றினால் உப்பே செல்லைக் கொன்றுவிடும், சாற்றில் ஏதோ வீரியம் இருப்பதாகத் தோன்றும். உப்பை நீக்கிய சாற்றை வைரஸ் தொற்றிய செல்களில் சோதிப்பார்கள். பலன் தெரிந்தால் சாற்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் பலன் இருக்கிறதோ அதை மட்டும் மறுபடி பிரித்து, இப்படியே ஒற்றைச் சேர்மம் வரும்வரை போவார்கள். கடைசியில், மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறை நிறமாலையும், அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று காந்தப்புலத்தில் வைத்துக் காட்டும் என்.எம்.ஆரும் வைத்து அதன் அமைப்பைக் கண்டறிவார்கள். முன்பு இதற்குக் கிராம் கணக்கில் பொருள் வேண்டும், இன்று ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்தாலே நல்ல கருவியில் அமைப்பைக் கண்டுபிடித்துவிடலாம்.

இடையில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு படி இருக்கிறது: இது ஏற்கனவே தெரிந்த சேர்மமா என்று சீக்கிரம் பார்த்துவிடுவது. மரின்லிட் போன்ற தரவுத்தளங்களோடு நிறையையும் நிறமாலையையும் ஒப்பிடுவார்கள். இதைத் தவிர்த்தால் மாதக்கணக்கில் உழைத்து, நாற்பது வருடத்துக்கு முன் வேறொருவர் கண்டதை மறுபடி கண்டுபிடிப்பீர்கள்.

1978-இல் ஆல்ஃபா ஹீலிக்ஸ் என்ற ஆய்வுக் கப்பல் கரீபியன் கடலில் போனபோது, கென்னத் ரைன்ஹார்ட் குழுவினர் செல்களையும் ஹெர்பெஸ் வைரஸையும் கப்பலிலேயே வைத்து, பிடித்த மாதிரிகளை அங்கேயே சோதித்தார்கள். பலன் தெரிந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சேகரிக்கலாம், கரைக்கு வந்தபின் வருந்த வேண்டியதில்லை. டைடெம்னின் என்ற புகழ்பெற்ற சேர்மக் குடும்பம் அந்தப் பயணத்தின் விளைச்சல்.

"வைரஸை 99 விழுக்காடு தடுத்தது" என்று படித்தேன். அது மருந்துதானே?

அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிளீச்சிங் பவுடரும் வைரஸை 99 விழுக்காடு அழிக்கும்.

இரண்டு அளவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வைரஸின் பெருக்கத்தைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் செறிவு ஒன்று, அதை இ.சி.50 என்பார்கள். தொற்றில்லாத செல்களில் பாதியைச் சாகடிக்கும் செறிவு இன்னொன்று, சி.சி.50. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் தேர்வுக் குறியீடு கிடைக்கும். ஒரு சேர்மம் 2 மைக்ரோமோலாரில் (செறிவின் அலகு இது) வைரஸைத் தடுக்கிறது, 3 மைக்ரோமோலாரில் செல்லைக் கொல்கிறது என்றால் குறியீடு 1.5. அங்கே நடந்தது என்ன? செல் சாகும் நிலைக்கு வந்துவிட்டது, சாகிற செல்லில் வைரஸ் பெருகவில்லை, அவ்வளவுதான். குறியீடு 10-ஐத் தாண்டினால் மேலே பார்க்கலாம் என்பது பலரும் கையாளும் தொடக்க அளவு, 100 அல்லது அதற்கு மேல் என்றால் ஆர்வம் வரும். கட்டுரையில் சி.சி.50 கொடுக்கவே இல்லையென்றால் நான் அதற்கு மேல் படிப்பதில்லை.

கடலில் இந்தப் பிரச்சினை கூடுதல், ஏனென்றால் கடல் சேர்மங்கள் பல இயல்பிலேயே நஞ்சு. நியூசிலாந்துக் கடற்பஞ்சிலிருந்து 1988-இல் வந்த மைக்கலமைடு மிகக் குறைந்த அளவிலேயே வைரஸ்களைத் தடுத்தது, ஆனால் செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்தித்தான் அதைச் செய்கிறது. கடல் அட்டையின் சப்போனின்கள் என்ற சோப்பு போன்ற பொருள்கள் வைரஸின் கொழுப்பு உறையைக் குலைக்கும், அதே வேகத்தில் நம் செல்சவ்வையும் குலைக்கும்.

ஆய்வகச் சோதனை இன்னும் எப்படியெல்லாம் ஏமாற்றும்?

பல வழிகளில். எந்தச் செல்லில் சோதித்தார்கள் என்பது முக்கியம். குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்கள் வளர்க்க எளிது, வைரஸ்கள் அதில் நன்றாகப் பெருகும், அதனால் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் குளோரோகுயின் வீரோ செல்லில் கொரோனா வைரஸைத் தடுத்தது, மனித நுரையீரல் செல்லில் தடுக்கவில்லை. வைரஸ் இரண்டு செல்களிலும் வெவ்வேறு வாசல் வழியாக நுழைந்ததே காரணம்.

அப்புறம், ஒரு பக்கம் நேர்மின்னூட்டமும் மறுபக்கம் கொழுப்பில் கரையும் தன்மையும் கொண்ட மூலக்கூறுகள் செல்லுக்குள் கொழுப்புகளைத் தேங்கவைத்து, அதன் பக்கவிளைவாக வைரஸ் பெருக்கத்தைக் குறைக்கின்றன. கொரோனா காலத்தில் செல்லில் பலன் காட்டிய பழைய மருந்துகள் பலவற்றின் பின்னணி இதுதான் என்று 2021-இல் காட்டினார்கள். விலங்கில் அந்தப் பலன் வரவில்லை. கடற்பஞ்சின் அல்கலாய்டுகள் (நைட்ரஜன் உள்ள இயற்கைச் சேர்மங்கள்) பலவும் இதே சாயலில் இருப்பவை, ஆகவே இந்தச் சோதனையைச் செய்யாமல் அவற்றைப் பற்றிப் பேசக்கூடாது.

சேர்மத்தை எப்போது சேர்த்தார்கள் என்பதையும் கவனியுங்கள். வைரஸோடு முன்கூட்டியே கலந்து ஊறவைத்தால் மட்டும் பலன், தொற்றிய பிறகு சேர்த்தால் பலனில்லை என்றால் அது வைரஸை வெளியிலேயே பிடித்து நிறுத்தும் பொருள். அதற்கும் பயன் உண்டு, ஆனால் காய்ச்சலோடு படுத்திருப்பவருக்குக் கொடுக்கும் மாத்திரையாக அது ஆகாது.

கணினியில் மட்டும் பார்த்து "கடல் சேர்மம் கொரோனா நொதியில் பொருந்துகிறது" என்ற கட்டுரைகள்?

2020-க்குப் பிறகு இவை குவிந்துவிட்டன. தரவுத்தளத்திலுள்ள ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை நொதியின் பள்ளத்தில் கணினி பொருத்திப் பார்த்து மதிப்பெண் போடும். எதை முதலில் சோதிக்கலாம் என்று வரிசைப்படுத்த உதவும். சோதிக்காமலே நிறுத்திவிட்டு "மருந்து வேட்பாளர்" என்று பெயரிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மதிப்பெண் அதிகம் வாங்கும் பெரிய கடல் மூலக்கூறுகள் பலவற்றின் மாதிரி உலகில் எங்குமே கையில் இல்லை, யாரும் சரிபார்க்கவும் முடியாது.

கடற்பாசி விஷயம் என்ன? அதில்தான் நிறையப் பலன் என்கிறார்கள்.

பாசிகளின் செல்சுவரில் சல்பேட் ஏறிய நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. சிவப்புப் பாசியில் காராகீனன், பழுப்புப் பாசியில் ஃபியூகோய்டன். 1958-லேயே, கருவுற்ற கோழிமுட்டையில் வளர்த்த இன்ஃபுளுயன்சா பி, புட்டாளம்மை வைரஸ்களைப் பாசியின் சர்க்கரைப் பொருள்கள் தடுப்பதைப் பார்த்திருக்கிறார்கள். காரணம் புரிந்துகொள்ள எளிது. நம் செல்லின் மேற்பரப்பில் ஹெப்பரான் சல்பேட் என்ற எதிர்மின்னூட்டச் சங்கிலிகள் இருக்கின்றன, பல வைரஸ்கள் முதலில் அதைப் பிடித்துத்தான் ஒட்டுகின்றன. காராகீனனும் எதிர்மின்னூட்டம் கொண்ட சங்கிலிதான், வைரஸ் அதைப் பிடித்துக்கொண்டு செல்லைத் தவறவிடுகிறது.

ஆய்வகத்தில் இது பிரமாதமாக வேலை செய்யும். 2006-இல் காராகீனன் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸை, இதே மாதிரி சங்கிலியான ஹெப்பரின் என்ற மருந்தை விட ஆயிரம் மடங்கு திறமையாகத் தடுப்பதாகக் காட்டினார்கள். மனிதர்களிடம் போகும்போது கதை மாறுகிறது. காராகார்டு என்ற காராகீனன் ஜெல் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்குமா என்று தென்னாப்பிரிக்காவில் 6,202 பெண்களிடம் சோதித்தார்கள், 2008-இல் முடிவு வெளியானது. பாதுகாப்பானது, ஆனால் தொற்றைத் தடுக்கவில்லை. உறவின்போது பாதிக்கும் குறைவான முறைதான் ஜெல்லைப் பயன்படுத்தினார்கள் என்பதும் தெரிந்தது. ஆகவே ஜெல் தோற்றதா, பயன்படுத்தாததால் தோற்றதா என்பதை முழுமையாகப் பிரிக்க முடியவில்லை. பல்லாயிரம் மணிநேரம் பலர் உழைத்த சோதனை அது, ஆய்வகத்துப் பலனுக்கும் மனித வாழ்க்கைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அறிய விரும்புகிறவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

மூக்கில் நிலைமை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. அயோட்டா காராகீனன் மூக்குத் தெளிப்பான் பல நாடுகளில் சளிக்காக விற்பனையில் இருக்கிறது. அர்ஜென்டினாவில் 394 மருத்துவப் பணியாளர்களிடம் நடந்த சோதனையில், தெளிப்பானைப் பயன்படுத்தியவர்களில் 1 விழுக்காட்டினருக்கும் வெறும் உப்புநீர் தெளிப்பு எடுத்தவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் கொரோனா வந்தது. நல்ல முடிவுதான், ஆனால் மொத்தம் 12 பேருக்கு வந்த தொற்றின் மேல் நிற்கும் கணக்கு. இதைவிடப் பெரிய சோதனை இல்லாமல் உறுதியாகப் பேசக்கூடாது.

பாசியைச் சாப்பிட்டால் வைரஸ் வராதா?

வரும். மேலே சொன்ன சங்கிலிகள் மிகப் பெரிய மூலக்கூறுகள், குடலிலிருந்து முழுசாக இரத்தத்துக்குள் போவது அரிது. இரத்தத்தில் நேரடியாக ஏற்றினாலோ, ஹெப்பரினைப் போலவே இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆபத்து இருக்கிறது. பழுப்புப் பாசிகள் சிலவற்றில் அயோடின் மிக அதிகம், தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள் மாத்திரை, பொடி என்று அளவில்லாமல் எடுத்தால் கெடுதல். பாசி நல்ல உணவு, உணவாகச் சாப்பிடுங்கள்.

கிரிஃபித்சின் என்பது என்ன?

நியூசிலாந்தில் சேகரித்த கிரிஃபித்சியா என்ற சிவப்புப் பாசியிலிருந்து அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 2005-இல் வெளியிட்ட புரதம். 121 அமினோ அமிலங்கள் கொண்டது. எச்.ஐ.வி., சார்ஸ், மெர்ஸ் போன்ற வைரஸ்களின் மேற்புரதத்தில் மானோஸ் சர்க்கரைகள் கொத்தாக இருக்கும், கிரிஃபித்சின் அந்தக் கொத்தைப் பிடித்துக்கொள்கிறது. எச்.ஐ.வி.யைத் தடுக்கத் தேவைப்படும் அளவு பிகோமோலார் கணக்கில், அதாவது மிக மிகக் குறைவு. இதே மாதிரி சர்க்கரையைப் பிடிக்கும் புரதங்கள் பல, செல்களைத் தூண்டி அழற்சியை உண்டாக்கிவிடும், இது பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை என்பது இதன் தனிச்சிறப்பு. இதற்காகக் கடலில் பாசி அறுக்கவும் வேண்டாம், புகையிலை இனத்துச் செடியில் மரபணுவைச் செலுத்தி 2009-லேயே பெருமளவில் தயாரித்துக் காட்டிவிட்டார்கள். மனிதர்களிடம் பாதுகாப்பைப் பார்க்கும் முதற்கட்டச் சோதனை ஜெல் வடிவில் நடந்திருக்கிறது. கடலில் இன்று கையிலிருப்பவற்றில் எனக்கு அதிக நம்பிக்கை இதன் மேல்தான், குறிப்பாகப் பூச்சாகவோ தெளிப்பாகவோ பயன்படுத்துவதற்கு.

பிளிடிடெப்சின் ரெம்டெசிவிரை விட 27 மடங்கு வலிமையானது என்றார்களே, என்ன ஆயிற்று?

மேலே சொன்ன டைடெம்னின் நினைவிருக்கிறதா? டிரைடிடெம்னம் சாலிடம் என்ற கரீபியன் டூனிகேட்டிலிருந்து வந்தது. ஹெர்பெஸைத் தடுப்பதைப் பார்த்துத்தான் முதலில் பிடித்தார்கள், புற்றுநோய்க்கும் பலன் தெரிந்ததால் மனிதர்களிடம் சோதித்தார்கள், நச்சுத்தன்மை அதிகமென்று 1990-களில் கைவிட்டார்கள். அதன் நெருங்கிய உறவுதான் பிளிடிடெப்சின், மத்தியதரைக் கடலின் அப்லிடியம் அல்பிகன்ஸ் என்ற டூனிகேட்டில் கிடைத்தது. ஒருவகை எலும்புமஜ்ஜைப் புற்றுநோய்க்கு ஆஸ்திரேலியா 2018-இல் ஒப்புதல் கொடுத்தது, ஐரோப்பிய ஒன்றியம் மறுத்தது.

2021-இல் வெளியான ஆய்வில், ஒரே செல்வகையில் ஒப்பிட்டபோது கொரோனா வைரஸுக்கு எதிராக ரெம்டெசிவிரை விட 27.5 மடங்கு வலிமை காட்டியது, எலிகளின் நுரையீரலிலும் வைரஸைக் குறைத்தது. எண் உண்மை. ஆனால் அது பிடிப்பது வைரஸின் புரதத்தை இல்லை, நம் செல் புரதம் தயாரிக்கப் பயன்படுத்தும் இ.இ.எஃப்.1.ஏ. என்ற காரணியை. இதில் ஒரு நன்மை இருக்கிறது: வைரஸ் எவ்வளவு உருமாறினாலும் நம் புரதம் மாறாது, எனவே மருந்தை எதிர்க்கும் வகைகள் எளிதில் தோன்றாது. அதே காரணத்தால்தான் அளவு கொஞ்சம் மீறினாலும் நம் செல்லே அடிபடும். மருத்துவமனை நோயாளிகளிடம் தொடங்கிய மூன்றாம் கட்டச் சோதனை திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டாமலே முன்கூட்டி நிறுத்தப்பட்டது, தடுப்பூசிகள் பரவிய பிறகு தகுந்த நோயாளிகளைச் சேர்ப்பது கடினமாகிவிட்டது. தோற்றது என்றும் சொல்ல முடியாது, வென்றது என்றும் சொல்ல முடியாது.

எச்.ஐ.வி.யை "எழுப்பும்" கடல் சேர்மம் என்று ஒன்று உண்டாமே?

பிரையோஸ்டாட்டின். கூட்டுமருந்து எடுப்பவர்களின் உடலில் எச்.ஐ.வி. சில செல்களில் உறங்கிக் கிடக்கும், மருந்தை நிறுத்தினால் எழுந்துவிடும். அதை வேண்டுமென்றே எழுப்பி, வெளிப்பட்ட செல்களை அழிக்கலாம் என்பது யோசனை. புகுலா நெரிட்டினா என்ற பாசிபோலத் தோன்றும் கடல் விலங்கிலிருந்து வந்த பிரையோஸ்டாட்டின் ஆய்வகத்தில் அதைச் செய்கிறது. 2016-இல் வெளியான சிறிய சோதனையில் ஒற்றைக் குறைந்த அளவு கொடுத்தார்கள், பாதுகாப்பாக இருந்தது, வைரஸ் எழவில்லை.

ஒரு மருந்துக்காக எத்தனை டன் கடலுயிரிகளை அள்ள வேண்டும்?

கவலைப்பட வேண்டிய கேள்வி. 18 கிராம் பிரையோஸ்டாட்டின் எடுக்க ஏறத்தாழ 13 டன் புகுலா தேவைப்பட்டது. நியூசிலாந்தில் ஒரு டன் கடற்பஞ்சிலிருந்து ஹாலிகாண்ட்ரின் பி என்ற புற்றுநோய்ச் சேர்மம் 310 மில்லிகிராம்தான் கிடைத்தது. இந்தக் கணக்கில் மருந்துக்கடைக்கு யாராலும் பொருள் கொடுக்க முடியாது, கொடுக்க முயன்றால் அந்த இனமே காணாமல் போகலாம். அதனால் சேகரிப்பை ஆராய்ச்சிக்கான சிறு அளவோடு நிறுத்த வேண்டும் என்பதில் எந்தச் சமரசமும் கூடாது.

வழிகள் இருக்கின்றன. முதலாவது செயற்கைத் தயாரிப்பு: ஹாலிகாண்ட்ரினின் தேவையான பாதியை மட்டும் வைத்து எரிபுலின் என்ற மருந்தைச் செய்தார்கள், 2010-இல் ஒப்புதல் பெற்றது. பிரையோஸ்டாட்டினையும் 2017-இல் கிராம் கணக்கில் ஆய்வகத்திலேயே செய்துகாட்டினார்கள். இரண்டாவது இன்னும் சுவையானது. கடற்பஞ்சின் உடலில் கணிசமான பங்கு நுண்ணுயிர்கள்தான், சில இனங்களில் கிட்டத்தட்ட 40 விழுக்காடு வரை. விலங்கு தயாரிப்பதாக நாம் நினைத்த சேர்மங்கள் பலவற்றை உண்மையில் தயாரிப்பவை அந்தக் குடித்தனக்காரர்கள். பிரையோஸ்டாட்டினைச் செய்வது புகுலாவுக்குள் வாழும் பாக்டீரியா. டைடெம்னினைச் செய்யும் டிஸ்ட்ரெல்லா என்ற பாக்டீரியாவை 2011, 2012-இல் கண்டுபிடித்தார்கள், அதைத் தொட்டியில் வளர்க்கலாம். எல்லா நுண்ணுயிரும் இப்படி வளர்ந்து கொடுப்பதில்லை, பல விலங்குக்கு வெளியே வாழவே மாட்டா. அப்போது மரபணுத் தொகுதியை எடுத்து, வளரக்கூடிய வேறு பாக்டீரியாவில் வைத்துப் பார்ப்பார்கள்.

யாருடைய கடலிலிருந்தும் யாரும் எடுக்கலாமா?

கூடாது. 2010-இல் ஏற்கப்பட்டு 2014 முதல் நடைமுறையிலுள்ள நகோயா ஒப்பந்தப்படி, ஒரு நாட்டின் எல்லைக்குள் மாதிரி எடுக்க அந்த நாட்டின் அனுமதி வேண்டும், லாபம் வந்தால் பங்கு கொடுக்க முன்கூட்டியே உடன்பாடு வேண்டும். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடல் பகுதிக்கு 2023-இல் ஐ.நா.வில் தனி ஒப்பந்தம் ஏற்கப்பட்டது, அதில் கடல் மரபணு வளங்களின் பயனைப் பகிர்வதும் வருகிறது. காகித வேலை அதிகம் என்று ஆய்வாளர்கள் சலித்துக்கொள்வது உண்டு. பவளப்பாறையை அருகிருந்து காத்தவர்களுக்கு எதுவும் கிடைக்காமல், எங்கோ காப்புரிமை எடுப்பதை விட அந்தச் சலிப்பு பரவாயில்லை.

எழுபது வருடத்தில் ஒரே ஒரு வைரஸ் மருந்துதான் என்றால், இதற்கு இவ்வளவு செலவு தேவையா?

தேவை என்றுதான் நினைக்கிறேன். ஹெர்பெஸ், எச்.ஐ.வி., ஹெப்பட்டைட்டிஸ் சி போன்ற சிலவற்றுக்குத்தான் இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. டெங்கு, நிபா போன்றவற்றுக்குக் குறிப்பான மருந்தே இல்லை. இருக்கிற மருந்துகளும் பெரும்பாலும் பாலிமரேஸ், புரோட்டியேஸ் என்ற வைரஸ் நொதிகள் போன்ற இரண்டு மூன்று இலக்குகளையே சுற்றுகின்றன. இ.இ.எஃப்.1.ஏ. ஒரு வைரஸ் இலக்காக இவ்வளவு கவனம் பெற்றதில் டூனிகேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சேர்மம் மருந்தாகாவிட்டாலும், செல்லில் எந்த இடத்தில் கைவைத்தால் வைரஸ் திணறும் என்று காட்டிக்கொடுத்தால், அதை வைத்து வேதியியலாளர்கள் மென்மையான ஒன்றைச் செய்யலாம், விடராபினுக்குப் பின் அசைக்ளோவிர் வந்ததைப் போல.

இந்தத் துறையில் வேலை செய்ய என்ன படிக்க வேண்டும்?

ஒரே ஆள் எல்லாம் செய்ய முடியாது. கரிம வேதியியலில் ஆர்வமிருந்தால் பிரித்தெடுத்தலும் என்.எம்.ஆர். வாசிப்பும் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், நல்ல என்.எம்.ஆர். வாசகருக்கு எந்த ஆய்வகத்திலும் இடம் உண்டு. நுண்ணுயிரியல் பக்கம் போகிறவர்கள் வைரஸ் வளர்ப்பு, உயிரிப் பாதுகாப்பு விதிகள் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும், ஆபத்தான வைரஸ்களுக்கு மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், அதில்லாத இடங்களில் நோய் உண்டாக்காத போலி வைரஸ்களை வைத்து நுழைவுச் சோதனை செய்யலாம். மரபணுத் தரவைக் கணினியில் அலசத் தெரிந்தவர்களின் தேவை ஆண்டுக்காண்டு கூடிவருகிறது. கடற்பஞ்சு, டூனிகேட் வகைப்பாட்டு நிபுணர்கள்தான் இப்போது மிகக் குறைவு. இளநிலை மாணவர் என்றால் அந்தப் பக்கம் யோசித்துப் பாருங்கள் என்பேன், மாதிரிக்குச் சரியான பெயர் வைக்க ஆளில்லாமல் உறைபெட்டியில் கிடக்கும் கடற்பஞ்சுகள் நிறைய இருக்கின்றன.